பாட்டனாரின் குறிப்பேடும் வாப்பாவின் மாத்திரையும்

மேலப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். நான்கு வயது மகனோடு தாய்வீட்டில் இருந்துகொண்டு பீடி சுற்றுகிறார். வாப்பாவுக்கு 59 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சாரல் காலத்தில் குற்றாலம் போய் வந்ததிலிருந்து இருமல். அருவியில் குளித்த சளி என்றே வீட்டில் நினைத்தார்கள். பிறகு மாலையானால் காய்ச்சல், இரவில் வியர்வை, கைலி இடுப்பில் நிற்காத மெலிவு. இரண்டரை மாதம் கழித்துச் சளியைப் பரிசோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. அரசு மையத்தில் மாத்திரை தொடங்கி இப்போது ஏழு வாரம். காய்ச்சல் நின்றுவிட்டது, எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. ஆனால் குமட்டலும் மூட்டுவலியும் இருக்கின்றன. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது.

பாட்டனார் ஊரில் பெயர் பெற்ற ஹக்கீம், அதாவது யுனானி மருத்துவர். அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, தம் கைப்பட எழுதிய குறிப்பேடு ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார். அதில் 'ஸில்' (காசநோய்) என்ற தலைப்பில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. பட்டம் பெறாவிட்டாலும் பாட்டனாரிடம் கைவேலை பழகிய சாச்சா (வாப்பாவின் தம்பி), "சளி நின்றுவிட்டது, இனி அந்த மாத்திரை ஈரலைச் சுட்டுவிடும், நம் மார்க்கத்தின் மருத்துவம் இருக்கும்போது எதற்கு அது" என்கிறார். ஏட்டில் உள்ள லேகியத்தோடு ஒரு குஷ்தாவும் (உலோகப் பற்பம்) தருவதாகச் சொல்லியிருக்கிறார். தொற்று என்பதே கிடையாது என்று நபிமொழி இருக்கிறது என்றும் சொல்கிறார். உம்மாவோ வாப்பாவின் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். ரமலானை அடுத்த ஷவ்வால் மாதத்தில் தங்கைக்கு நிக்காஹ். விஷயம் வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் மாத்திரைப் பட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"மாத்திரையை நிறுத்தலாமா? இது எங்கள் ரத்தத்தில் வருகிற நோயா? பாட்டனார் எழுதியது எல்லாம் பொய்யா? அதை மட்டும் எனக்குத் தாங்க முடியவில்லை" என்று முடிகிறது கடிதம்.

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு நாள்கூட. வாப்பாவுக்கு இப்போது இருக்கும் தெம்பு அந்த மாத்திரை தந்த தெம்பு. அதையே சாட்சியாக வைத்து மாத்திரையை நிறுத்துவது, முதல் தண்ணீர் பாய்ந்து பயிர் பச்சை பிடித்ததும் மடையை அடைப்பது போன்றது.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. பாட்டனார் எழுதியது பொய்யில்லை. நெஞ்சக நோய் மருத்துவனாக முப்பது ஆண்டுகள் பாளையங்கோட்டையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், நீங்கள் படியெடுத்து அனுப்பிய நான்கு பக்கங்களையும் மரியாதையோடு படித்தேன். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏட்டில் இருப்பது என்ன

"நெஞ்சில் புண். தலையிலிருந்து இறங்கும் கூர்நீர் அதை அரிக்கும். உடம்பு உள்ளே கணகணவென்று உலர்ந்து திக்கு ஆகும்" என்று பாட்டனார் எழுதியிருக்கிறார். இது அவர் கற்பனை இல்லை. யுனானி மருத்துவத்தில் ஆயிரம் ஆண்டாக இருந்துவரும் விளக்கம் இதுதான். ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு கலவைகள் உடம்பில் சமநிலையில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு மிஸாஜ், அதாவது தன்மை, உண்டு. நஸ்லா என்னும் நீர்க்கோவை தலையிலிருந்து நுரையீரலுக்கு இறங்கி, கெட்டுக் கூர்மையாகிப் புண்ணாக்கினால் அது ஸில். அந்தப் புண்ணோடு சேர்ந்து விடாமல் எரியும் உட்காய்ச்சல் திக். நம் சித்த வைத்தியர்கள் என்புருக்கி என்று சொன்னது இந்த உருக்கத்தைத்தான். இரண்டு பெயர்களும் ஒரே நோயாளியைப் பார்த்து வைத்த பெயர்கள்.

பாரசீக மருத்துவ அறிஞர் இப்னு ஸீனா (980–1037) தம் 'கானூன்' என்ற மருத்துவ நூலின் மூன்றாம் பகுதியில் தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாக நோய்களை எழுதும்போது ஸில்லுக்கு விரிவான இடம் தந்திருக்கிறார். ஒடுங்கிய மார்பு, சிறகுபோல் வெளியே துருத்திய தோள்பட்டை எலும்பு, ரத்தம் கலந்த சளி என்று அவர் சொல்லும் அடையாளங்களைப் படித்தால், என் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவர்போல இருக்கும். முற்றிய காசநோயாளி சட்டையைக் கழற்றும்போது அந்தச் சிறகு எலும்புகளை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஏட்டில் "கங்கில் சளியைப் போட்டு நாற்றம் பார்" என்று ஒரு வரி இருக்கிறது. உங்களுக்கு அது அருவருப்பாகப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில் கண் கலங்கியது. ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களிலிருந்து வந்த முறை அது. நோய் சளிக்குள்தான் இருக்கிறது, அதைச் சோதித்தால்தான் தெரியும் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. கண்ணாடிச் சில்லும் நுண்ணோக்கியும் இல்லாத காலத்தில் கையில் இருந்த நெருப்பை வைத்துச் சோதித்தார்கள். வாப்பாவின் சளியை மையத்தில் வாங்கி, கிருமியின் மரபணு இருக்கிறதா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லும் கருவியில் வைத்தார்களே, அதுவும் அதே சளியிடம் கேட்ட கேள்விதான்.

கண் கண்டது, கைக்கு எட்டாதது

அவர்களுக்குக் கிட்டாமல் போனது காரணம். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அதுவரை யுனானி மட்டுமல்ல, ஐரோப்பிய மருத்துவமும் இருட்டில்தான் இருந்தது. 'கானூன்' லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக் கணக்கில் பாடநூலாக இருந்தது; இரு தரப்பும் ஒரே ஏட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தன. ஆகையால் "இங்கிலீஷ் மருத்துவமா நம் மருத்துவமா" என்று சாச்சா போடும் கோடு, வரலாற்றில் அந்த இடத்தில் இல்லை.

நுரையீரல் புண் ஏன் ஆறுவதில்லை என்று பழைய ஹக்கீம்கள் யோசித்திருக்கிறார்கள். மூச்சாலும் இருமலாலும் அந்த உறுப்பு ஓயாமல் அசைகிறது. அசையும் புண் ஆறாது. வாய்வழி கொடுத்த மருந்தும் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் வீரியம் இழந்துவிடுகிறது. எவ்வளவு நேர்மையான யோசனை! இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நவீன மருத்துவர்களும் இதே எண்ணத்தில்தான் நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருக்கி 'ஓய்வு' கொடுத்தார்கள். மலைக்காற்று, முட்டை, பால், படுக்கை என்று நோயாளிகளை மாதக்கணக்கில் விடுதிகளில் வைத்தார்கள். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952இல் ஐசோனியாசிடும், பிறகு ரிஃபாம்பிசினும் வந்த பின்தான் மருந்து அந்தப் புண்ணைப் போய்ச் சேர்ந்தது.

பாட்டனாரின் கண் நோயைச் சரியாகக் கண்டது. அதைக் கொல்லும் பொருள் அவர் கையில் இல்லை. அவருடைய அண்ணன் இந்த நோயில்தான் இறந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்த அண்ணனுக்கு அவர் தராத மருந்து ஏதும் ஏட்டில் மிச்சம் இருந்திருக்குமா, சகோதரி?

ஆறு மாதம் ஏன்

"சளி நின்றுவிட்டது" என்பது சாச்சாவின் வலுவான வாதம். அதற்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன்.

வயிற்றில் வாழும் சாதாரணக் கிருமிகள் சில, இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாகச் சுமார் இருபது மணி நேரம் பிடிக்கும். மெழுகு போன்ற தடித்த உறை வேறு. மருந்துகள் பெருகும் கிருமியைத்தான் எளிதில் கொல்லும்; சுருண்டு படுத்துக் கிடக்கும் கிருமி தப்பிவிடும். முதல் இரண்டு மாதத்தில் விழித்திருக்கும் கூட்டம் பெரும்பாலும் அழிகிறது. இருமல் நிற்பதும் பசி எடுப்பதும் அதனால்தான். பின்வரும் நான்கு மாதம் உறங்குகிறவை ஒவ்வொன்றாக விழிக்கக் காத்திருந்து கொல்வதற்கு.

இன்னொன்று. நுரையீரல் பொத்தலில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியாசிடுக்குப் பிறவியிலேயே பணியாதது. ஒரே மருந்து கொடுத்தால் பணிகிறவை சாகும், அந்த ஒன்று பெருகும். ஆகையால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று மருந்து, எடைக்கு ஏற்ற அளவில் ஒரே மாத்திரையாகச் சேர்த்துத் தருகிறார்கள். நடுவில் நிறுத்தி, திரும்பத் தொடங்கி, மறுபடி நிறுத்தினால் பணியாத கூட்டத்தை நாமே வீட்டில் வளர்க்கிறோம். அப்படி வந்த ஓர் இளைஞனை என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் பார்த்தேன். மூன்று முறை தொடங்கி மூன்று முறை நிறுத்தியவன். நான்காம் முறை வந்தபோது, அன்று எங்களிடம் இருந்த எந்த மருந்தும் அவனிடம் வேலை செய்யவில்லை. அவன் உம்மா என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இன்று அத்தகைய நோய்க்கும் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. ஆனால் அந்த வழி கடினமானது. வாப்பா இப்போது போகும் வழி நேரானது.

சாச்சாவின் மற்ற சொற்கள்

ஈரலைச் சுடும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். இந்த மருந்துகளில் மூன்று, சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே மையத்துக்கோ ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ போக வேண்டும். மருத்துவர் சில நாள் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். அதை அவர் செய்ய வேண்டும், வீட்டில் செய்யக் கூடாது. செம்மஞ்சள் சிறுநீர் வேறு விஷயம். ரிஃபாம்பிசினின் நிறமே அது. மாத்திரை உடம்பில் சேர்கிறது என்பதற்கு அடையாளம், பயப்படாதீர்கள். மூட்டுவலிக்குப் பெரும்பாலும் பைரசினமைடு காரணம். அது முதல் இரண்டு மாதத்துக்கு மட்டுமே. இன்னும் ஒரு வாரத்தில் அந்த மருந்து நிற்கும்போது வலியும் குறையும். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ, கால் மரத்தாலோ உடனே சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் குறைக்கும். அதனால் ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் காசநோயும் கட்டுப்படாது.

"நம் மார்க்கத்தின் மருத்துவம்" என்கிறார். யுனானி என்ற சொல்லுக்குப் பொருளே 'கிரேக்கருடையது' என்பதுதான். பழங்காலக் கிரேக்க மருத்துவர்களான ஹிப்போகிராட்டஸும் காலனும் (Galen) முஸ்லிம்கள் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் காலனின் நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தவர்களில் தலையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவர். முஸ்லிம் அறிஞர்கள் அவற்றை வாங்கி, சோதித்து, திருத்தி, பெருக்கினார்கள். நல்ல மருந்து எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வதுதான் அந்த மரபின் உயிர். இன்று பட்டம் பெற்றுப் பதிவு செய்த யுனானி மருத்துவரிடம் வாப்பாவைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அவரும் மாத்திரையைத் தொடரத்தான் சொல்வார் என்று நம்புகிறேன்.

தொற்று இல்லை என்ற நபிமொழியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லத் தகுந்தவன் இல்லை. உங்கள் ஜமாஅத் ஆலிம்சாவிடம் கேளுங்கள். ஆனால் நோயுள்ள ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு சேர்க்க வேண்டாம் என்ற நபிமொழியும் இருக்கிறது. இறைவன் நாட்டமின்றி நோய் தன் வலிமையாலேயே பரவுகிறது என்ற பழைய நம்பிக்கையைத்தான் முதலாவது மறுக்கிறது என்று அறிஞர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிரனாடாவில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் இப்னுல் கதீப், கொள்ளைநோயைக் கண்ணால் பார்த்துவிட்டு, தொற்று அனுபவத்தால் நிறுவப்பட்டது என்று துணிந்து எழுதினார். ஸில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் என்று எழுதியவர் இப்னு ஸீனா. உங்கள் பாட்டனாரின் மூன்றாம் பக்கத்திலும் "இவனைத் தனியே காற்றாடப் படுக்க வை" என்று இருக்கிறதே, சாச்சா அந்த வரியை வாசித்தாரா?

ஏட்டிலிருந்து எடுக்க வேண்டியவை, விட வேண்டியவை

ஏட்டில் எனக்கு மிகவும் பிடித்தது உணவுப் பக்கம். பார்லிக் கஞ்சி, ஆட்டுப்பால், ஆற்று நண்டு, இளம் ஆட்டிறைச்சிச் சாறு. உருகும் உடம்புக்கு ஊட்டம் வேண்டும் என்பதைப் பழைய ஹக்கீம்கள் விடாமல் பிடித்திருந்தார்கள். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்ததில், வீட்டில் மற்றவர்களுக்குப் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. மாத்திரையோடு எடையும் கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைவாக இருந்தது. ஆகவே நண்டுச் சாறும் பருப்பும் முட்டையும் மீனும் தாராளமாகக் கொடுங்கள்.

ஆனால் சில திருத்தங்கள். ஏட்டில் "கறந்த சூட்டோடு பால்" என்று இருக்கிறது. பச்சைப் பால் வேண்டாம், அது ஆட்டுப்பாலானாலும் கழுதைப்பாலானாலும். மாட்டுக் காசநோய் உள்ளிட்ட நோய்கள் காய்ச்சாத பாலில் வரும். பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். குல்கந்தை இப்னு ஸீனாவே இந்த நோய்க்குப் புகழ்ந்திருக்கிறார். ரோஜா இதழில் கெடுதல் இல்லை, அதிலுள்ள சர்க்கரை வாப்பாவுக்கு ஆகாது. ஷர்பத்துகளுக்கும் லேகியத்துக்கும் அதே பதில்.

குஷ்தாவை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேண்டாம். உலோகத்தையும் பாஷாணத்தையும் புடமிட்டு எடுக்கும் பற்பம் அது. எதைப் புடமிட்டார்கள், எவ்வளவு புடமிட்டார்கள் என்று தெரியாமல், ஏற்கெனவே மருந்துச் சுமை தாங்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அதைக் கொடுப்பது ஆபத்து. வாப்பாவின் ஈரல் கெட்டால் பழி மாத்திரையின் மேல் விழும், சிகிச்சையும் நின்றுபோகும். ஏட்டில் குஷ்தா பற்றிய வரி வேறு மையில், பக்க ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. பாட்டனாரின் மற்றப் பக்கங்களின் நிதானம் அதில் இல்லை.

தட்டு, தம்ளர், வீடு

உம்மாவிடம் தட்டைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் தட்டில் ஒட்டுவதில்லை, ஒரே சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில்) உட்கார்ந்து சாப்பிடுவதாலும் வருவதில்லை. இருமும்போதும் பேசும்போதும் காற்றில் மிதக்கும் நுண்துளியில் வருகிறது. வாப்பா அதிகம் பரப்பியிருக்கக்கூடிய காலம் மாத்திரைக்கு முந்தைய அந்த இரண்டரை மாதம். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இதை உலகுக்கு நிரூபித்ததில் நம் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களையும், விடுதியில் நல்ல உணவும் ஓய்வுமாக அதே மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். இருவரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. 1959இல் அந்த முடிவு வெளியான பிறகுதான் காசநோயாளியை வீட்டைவிட்டுப் பிரிக்கும் வழக்கம் உலகம் முழுவதும் மாறத் தொடங்கியது.

இது ரத்தத்தில் வரும் நோயும் இல்லை. பாட்டனாரின் அண்ணனுக்கு வந்தது, இப்போது வாப்பாவுக்கு வந்திருக்கிறது என்றால், கிருமி நாடெங்கும் இருக்கிறது, சர்க்கரை நோய் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் நோய் வருவதே இல்லை.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை: உங்கள் மகன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த நோய் வேகமாக வரும், மூளை வரைக்கும் போகும். இந்த வாரமே மையத்துக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தருவார்கள். நீங்களும் உம்மாவும் தங்கையும் சேர்ந்தே போங்கள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு கதவடைத்த அறையில் நாள் முழுவதும் பீடி சுற்றுகிறீர்கள். தூள் பறக்கும் என்று காற்றுக்கும் அஞ்சுகிறீர்கள். ஒரு சன்னலாவது திறந்திருக்கட்டும். வாப்பா பீடி பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவரானால் இன்றோடு விட வேண்டும்.

நிக்காஹும் நோன்பும்

வாப்பாவின் நோயை மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிவிக்க வேண்டிய சட்டக் கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. நோய் உறுதியானதும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது மருத்துவரின் கட்டாயக் கடமை. 2012 முதல் அப்படித்தான். அந்தப் பதிவு சிகிச்சைக்கானது, ஊருக்குச் சொல்வதற்கானது அல்ல. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் "தெருவில் விசாரிக்காமல் போனில் கூப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாத்திரை முழுவதும் இலவசம். ஊட்டத்துக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது. இதுவரை வரவில்லையென்றால் கணக்கு எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆனால் அரிசிப் பானை வேண்டாம். ஒளித்து வைக்கும் மாத்திரை, விருந்தாளி வந்த நாளில் தவறிவிடும். நிக்காஹ் வேலை நெருங்க நெருங்க வீட்டில் ஆள் கூடும், தவறும் நாளும் கூடும். உம்மாவுக்கும் உங்களுக்கும் தெரிந்த ஓர் அலமாரியில் வையுங்கள். தினமும் நீங்கள் கண்ணெதிரே விழுங்க வையுங்கள். மாப்பிள்ளை வீட்டார் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "காசநோய் வந்தது, சிகிச்சை முடியப் போகிறது" என்று சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. பின்னால் தெரியவரும் பொய்தான் உங்கள் தங்கையை அந்த வீட்டில் தலைகுனிய வைக்கும்.

நோன்பு தொடங்கும்போது வாப்பா ஐந்தாம் மாதத்தை நெருங்கியிருப்பார். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனே சலுகை தருகிறது. சர்க்கரையும் காசநோயும் சேர்ந்த உடம்புக்கு இந்த ஆண்டு அந்தச் சலுகையை ஏற்பதே நல்லது. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். அவர் மனம் கேட்காவிட்டால், தாமாக முடிவெடுக்காமல் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். சர்க்கரை மருந்தையும் எடையையும் பார்த்து அவர் சொல்வார். நோன்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அவருக்கு நல்லது.

சாச்சாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் அண்ணன்மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஏட்டின் உணவுப் பக்கத்தை அவர் பொறுப்பில் விடுங்கள். நல்ல நண்டு எங்கே கிடைக்கும், கஞ்சியை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மாத்திரை உங்கள் பொறுப்பு.

நீங்கள் எழுதிய தேதியைக் கணக்கிட்டால் அடுத்த வாரம் இரண்டு மாதம் முடிகிறது. அன்று திரும்பவும் சளிப் பரிசோதனை உண்டு. காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைக் குப்பியில் எடுக்க வேண்டும், எச்சில் பயன்படாது. வீட்டுக்குள் எடுக்காமல் மொட்டைமாடியில் எடுக்கச் சொல்லுங்கள். சாச்சாவையும் உடன் அழைத்துப் போங்கள். சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்ற முடிவை அவரே கையில் வாங்கிப் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்